டோய் துங் மலையில் ராஜமாதாவின் வீடு

1987 டிசம்பரில், தாய்லாந்தின் வடகோடியில் உள்ள டோய் துங் மலையில் ஒரு மரவீட்டுக்கு வேலை தொடங்கினார்கள். வீட்டுக்காரருக்கு அப்போது வயது 87. பேரன் பேத்தி எடுத்து, கொள்ளுப்பேரர்களையும் பார்த்துவிட்ட வயது. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று நம் வீடுகளில் தயங்காமல் கேட்டிருப்பார்கள். அவரிடம் அப்படிக் கேட்டுவிட முடியாது. அவர் அன்றைய மன்னர் பூமிபோலின் தாயார் ஸ்ரீநகரிந்திரா.

பாங்காக்கின் பெரிய அரண்மனையை நான் முன்பே பார்த்திருந்தேன். தங்க ரேக்கு, கண்ணாடிச் சில்லு, வெயில், கூட்டம். கண் கூசியதுதான் மிச்சம். "மலை மேல இருக்கிற வீட்டைப் பாரு, அது வேற மாதிரி" என்று என்னை இழுத்துக்கொண்டு போனவள் என் தங்கை. அவள் கணவருக்குப் பாங்காக்கில் வேலை. அவளுக்குத் தோட்டம் என்றால் உயிர். எங்கேயோ ஒரு மலையில் பூத்திருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், பையைக் கட்டிவிடுவாள்.

சியாங் ராய் நகரிலிருந்து வடக்கே மே சாய் எல்லைப் பட்டணம் வரை போகிறது அந்நாட்டின் 1ஆம் எண் நெடுஞ்சாலை. வழியில் ஹுவாய் க்ராய் என்றொரு சந்தை ஊர். டோய் துங் போகிறவர்கள் அங்கே இறங்கி மலைவண்டி பிடிப்பார்கள். பின்னால் இரு பக்கமும் பெஞ்சு போட்ட பிக்கப் வண்டி அது, சோங்தேவ் என்பார்கள். இந்த மலைக்கு ஏறுபவை ஊதா நிறம். நாங்கள் வந்த அன்றே வண்டி ஏறிவிடவில்லை. தங்கைக்குப் பழக்கமான ஒரு பள்ளி ஆசிரியையின் தாய் வீடு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே தங்கிவிட்டுத்தான் மலைக்குப் போனோம். மேலே மாளிகையில் கண்ட பலவற்றுக்குப் பொருள் புரிந்ததற்குக் காரணம் கீழே அந்த வீட்டில் தங்கியதுதான்.

வீட்டம்மாளுக்கு எழுபதைத் தாண்டிய வயது. படியருகே நின்று கைகூப்பி, "சவாதீ ஜாவ்" என்றார். பாங்காக் பெண்கள் பேச்சின் முடிவில் மரியாதைக்கு "கா" சேர்ப்பார்கள். வடக்கத்திப் பெண்களுக்கு அது "ஜாவ்". வடதாய்லாந்து லான்னா என்ற தனி அரசாக இருந்த நிலம். சியாங் ராய் நகரை மன்னர் மங்ராய் 1262இல் அமைத்தார். பிற்காலத்தில்தான் இந்தப் பகுதி பாங்காக்கின் ஆட்சிக்குள் வந்தது. பேச்சும் சாப்பாடும் கோயில் கட்டும் முறையும் இன்றைக்கும் தனி.

உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் அடுத்த கேள்வி: "உங்களுக்கு என்ன வயசு?" தங்கை முகம் மாறியது, வயதைச் சொல்வதில் அவளுக்கு அவ்வளவு விருப்பம் கிடையாது. ஆசிரியை சிரித்துக்கொண்டே காரணம் சொன்னாள். தன்னைவிட மூத்தவரைப் 'பீ' என்றும் இளையவரை 'நோங்' என்றும் அழைப்பார்கள். வயது தெரியாமல் எப்படிக் கூப்பிடுவது, யார் முதலில் கும்பிடுவது? பேருந்து நடத்துநரை அண்ணே என்றும் பூக்காரியை அக்கா என்றும் கூப்பிட்டு வளர்ந்த எங்களுக்கு இதை விளங்கவைக்கப் பெரிய விரிவுரை தேவைப்படவில்லை. கணக்கு முடிந்தது. ஆசிரியைக்கு நான் 'பீ' ஆனேன், அவள் எனக்கு 'நோங்'. என் தங்கையும் அவளைவிட மூத்தவள் என்று தெரியவந்ததுதான் அன்றைய மாலையின் ஒரே சோகம்.

அப்போது ஆசிரியையின் மகள் பள்ளியிலிருந்து வந்தாள். ஐந்து வயதிருக்கும். முதுகுப்பையைக் கழற்றுவதற்கு முன்பே பாட்டி அவளை எங்கள் முன் நிறுத்தினார். குழந்தை அவசரமாகக் கையைக் கூப்பிவிட்டு ஓடப் பார்த்தது. பாட்டி விடவில்லை. பின்னாலிருந்து இரண்டு முழங்கைகளையும் பிடித்து விலாவோடு சேர்த்தார். விரித்திருந்த விரல்களை ஒன்றாக்கினார். கூப்பிய கையை மேலே தூக்கி, கட்டைவிரல் நுனி மூக்கு நுனியைத் தொடும்படி வைத்தார். பிறகு பிடரியில் ஒரு விரலால் லேசாக அழுத்தினார். தலை தாழ்ந்தது. ஒரு சொல் பேசவில்லை, அதட்டவில்லை. பாடம் முடிந்ததும் குழந்தை பிஸ்கட்டைத் தேடிப் போய்விட்டது.

அந்த மூக்கு நுனிக்கு ஒரு கணக்கு உண்டு. புத்தருக்கும் பிக்குகளுக்கும் கும்பிடும்போது கட்டைவிரல் புருவ மத்தியைத் தொட வேண்டும். பெற்றோர், ஆசிரியர், பெரியவர்கள் என்றால் மூக்கு நுனி. கொஞ்சமே மூத்தவர் என்றால் மோவாய். சிறியவர் முதலில் கும்பிட வேண்டும், பெரியவர் பதிலுக்குக் கும்பிடுவார். குழந்தைக்குப் பெரியவர் பதிலாகத் தலையசைத்தால் போதும். பிக்கு இல்லறத்தார் யாருக்கும் திருப்பிக் கும்பிடுவதில்லை. மன்னரே கும்பிட்டாலும் இல்லை. நாம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வணக்கம் போடுகிறவர்கள். அங்கே ஒரு வணக்கத்தைப் பார்த்தே இரண்டு பேருக்கும் என்ன உறவு, யார் மூத்தவர் என்று பக்கத்து மேசைக்காரர் சொல்லிவிடுவார்.

கை பழகிய பிறகு கால். பாயில் உட்காரச் சொன்னார்கள். பழக்கப்படி சம்மணம் போட்டால், பெண்களுக்கு அது அவ்வளவு அழகல்ல என்றாள் ஆசிரியை. இரண்டு காலையும் ஒரே பக்கமாக மடித்து, பாதம் பின்னால் போகும்படி சாய்ந்து உட்கார வேண்டும். பிக்கு முன்னாலும் புத்தர் சிலை முன்னாலும் ஆண்களுக்கும் இதே விதிதான். தலை உடம்பிலேயே உயர்ந்த இடம், பாதம் தாழ்ந்த இடம். யார் தலையையும் தொடக் கூடாது. பாதத்தை யாரை நோக்கியும் நீட்டக் கூடாது. காலால் எதையும் சுட்டக் கூடாது. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது நடுவே போக வேண்டியிருந்தால் குனிந்தே போக வேண்டும். பெரியவர்கள் எதிரில் கால் நீட்டினால் அடி வாங்கிய தலைமுறை நான். கொள்கை எனக்குப் புதிதல்ல, முழங்காலுக்குத்தான் புதிது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் மாற்றிக்கொள்ளலாம் என்ற சலுகையை வீட்டம்மாள் சைகையால் காட்டிக்கொடுத்தார். அவரும் மாற்றிக்கொண்டுதான் இருந்தார்.

சாப்பாடு கந்தோக் என்ற குட்டையான வட்டத் தட்டு மேசையில் வந்தது. எல்லாரும் அதைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தோம். நடுவே சுட்ட பச்சை மிளகாயை இடித்துச் செய்த நாம் ப்ரிக் நும், மூலிகை சேர்த்த பன்றிக்கறித் தொத்திறைச்சி, பன்றித்தோல் வற்றல், வேகவைத்த காய்கள். ஆளுக்கொரு மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு. பாங்காக் பக்கம் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுகிறார்கள். முள்கரண்டி சோற்றைக் கரண்டிக்குள் தள்ளிவிட மட்டும்; அதை வாயில் வைப்பது நாகரிகமல்ல. வடக்கே ஒட்டரிசிக்குக் கைதான். ஆனால் நம் மாதிரி பிசைந்து சாப்பிடுவதில்லை. ஒரு சிட்டிகை அளவு கிள்ளி, மூன்று விரலால் உருட்டி, துவையலில் தொட்டு வாயில் போட வேண்டும். உள்ளங்கையில் ஒன்றும் ஒட்டக் கூடாது. பொதுவில் வைத்த பதார்த்தத்தை ஒரு வாய்க்கு ஒருமுறைதான் எடுக்கலாம். தட்டு நிறையக் குவித்துக்கொள்வது பேராசைக்காரர் செயல். பச்சை மிளகாய்த் துவையலை நாங்கள் இருவரும் சாப்பிட்ட வேகத்தைக் கண்டு வீட்டம்மாளுக்கு எங்கள் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வராமல் அதைச் சாப்பிட்ட வெளிநாட்டுக்காரர்களை அவர் அதுவரை பார்த்ததில்லையாம்.

மறுநாள் விடியலில் பிக்குகள் பிச்சைப் பாத்திரத்தோடு வந்தார்கள். குளிர் எலும்பைத் தொட்டது. வீட்டம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவோரம் முழந்தாளிட்டார். வேகவைத்த சோற்றையும் பொட்டலமாகக் கட்டிய குழம்பையும் ஒவ்வொரு பாத்திரத்திலும் இட்டார். பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது. கையில் நேராக எதையும் கொடுக்கவும் கூடாது. பாத்திரத்துக்குள் இடுவதால் அந்தச் சிக்கல் எழவில்லை. பிக்குகள் நின்று பாலி மொழியில் ஆசி கூறினார்கள். அவர்கள் ஓதும்போதே அம்மாள் ஒரு சிறு சொம்பிலிருந்து கிண்ணத்தில் மெல்லிய தாரையாக நீர் வார்த்தார். செய்த புண்ணியத்தை இறந்துபோன உறவினருக்குக் கொடுக்கிற சடங்கு அது. பிறகு கிண்ணத்து நீரை முற்றத்து மரத்தடியில் ஊற்றினார். தாரை வார்ப்பது என்று நாம் கல்யாணத்தில் செய்வதும் கொடுப்பதற்கான அடையாளம்தானே.

எட்டு மணிக்கு மலைவண்டிக்காகச் சந்தையில் நின்றுகொண்டிருந்தோம். ஒலிபெருக்கியில் தேசிய கீதம் எழுந்தது. நூடுல்ஸ் கடைக்காரி கரண்டியை உயர்த்தியபடி அப்படியே நின்றாள். கீரைக் கட்டுக்குக் காசு எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணுவதை நிறுத்தினார். கீதம் முடிந்ததும் கரண்டி கொதிக்கும் பானைக்குள் இறங்கியது. தினம் காலை எட்டு மணி, மாலை ஆறு மணி, இரண்டு வேளையும் பொது இடங்களில் இப்படித்தான்.

இந்த மரியாதைகளில் ஒரு பகுதிக்குப் பின்னால் சட்டத்தின் கையும் உண்டு. மன்னர், அரசி, பட்டத்து வாரிசு, ஆட்சிப் பொறுப்பாளர் ஆகியோரை அவமதித்தால் 3 ஆண்டு முதல் 15 ஆண்டு வரை சிறை என்கிறது அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவு. மன்னர் முகம் அச்சிட்ட பணத்தாள் காற்றில் பறந்தால்கூட அதைக் காலால் மிதித்து நிறுத்த எவரும் துணிவதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மன்னர் முன் தரையில் விழுந்து கிடக்கும் வழக்கத்தை 1873இல் ஒழித்தவரும் ஒரு மன்னர்தான்: ஐந்தாம் ராமர் எனப்படும் சுலாலங்கோர்ன். ஒழித்த வழக்கம் அடுத்த நூற்றாண்டில் அரசவைக்குத் திரும்ப வந்துவிட்டது. ஆகவே மரியாதை எங்கே தானாக வருகிறது, எங்கே வரவழைக்கப்படுகிறது என்று வெளியிலிருந்து வருகிறவர் பிரித்தறிவது கடினம். இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் நான் மலைவண்டியில் ஏறினேன்.

வழியெங்கும் அடர்ந்த காடு. ஓட்டுநர் நடுவயதுக்காரர். இவையெல்லாம் தான் சிறுவனாக இருந்தபோது மொட்டை மலைகள் என்று தங்கையிடம் தாய்லாந்து மொழியில் சொல்லிக்கொண்டே வந்தார். தாய்லாந்து, மியான்மர், லாவோஸ் மூன்றும் சந்திக்கும் தங்க முக்கோணப் பகுதி இது. அபினி விற்பனையை அரசு 1950களின் இறுதியிலேயே தடை செய்தது. ஆனால் மலையில் அபினி தரும் கசகசாச் செடி வளர்ப்பது நின்றபாடில்லை. ஆக்கா, லாகு, ஷான், தாய் லூ, லாவா, சீனர் என ஆறு இனத்தார் வாழும் மலை. காட்டை எரித்துப் பயிரிட்டார்கள். மண் கரைந்து ஓடியது. அபினி ஒன்றுதான் சுமக்க எளிது, விற்க எளிது.

மாளிகை வாசலில் முதலில் உடையைத்தான் பார்க்கிறார்கள். அரைக்கால்சட்டை, கையில்லாத மேலாடை கூடாது. அப்படி வந்தவர்களுக்குச் சுற்றிக்கொள்ளத் துணி தருகிறார்கள். செருப்பைக் கழற்றி, கேமராவை மூடி, குரலைத் தாழ்த்தி உள்ளே போனோம்.

மாளிகை என்று சொன்னதும் மனத்தில் எழுவது எதுவும் அங்கே இல்லை. பெரிய மரவீடு. கூரை முகட்டில் இரண்டு மரச்சட்டங்கள் கொம்பு மாதிரி குறுக்கிட்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. கலே எனப்படும் அது லான்னா வீடுகளின் முத்திரை. மாடத்தில் பூத்தொட்டி வரிசை சுவிட்சர்லாந்து மலைவீடுகளின் பாணி. ராஜமாதா பல ஆண்டுகள் வாழ்ந்தது அந்நாட்டின் லோசான் நகரில். உட்சுவர்களில் பதித்திருக்கும் வெளிறிய பைன் பலகைகளைத் தங்கை தடவிப் பார்க்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். அவை சரக்கு அனுப்பும் பழைய மரப்பெட்டிகளைப் பிரித்து எடுத்தவை. ராஜமாதாவின் வீட்டுச் சுவர் பழைய பெட்டிப் பலகை!

படிக்கட்டுப் பக்கத்தில் தாய்லாந்து மொழியின் எழுத்துகளை ஒவ்வொன்றுக்கும் உரிய படத்தோடு மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள், அரிச்சுவடிப் புத்தகத்தில் இருப்பது போலவே. நடுக்கூடத்தில் அண்ணாந்து பார்த்தால் கூரையில் கோள்களும் நட்சத்திர மண்டலங்களும். 1900 அக்டோபர் 21, ஞாயிற்றுக்கிழமை, அவர் பிறந்த நாளில் வானம் எப்படி இருந்ததோ அப்படி அமைத்த கூரை. அவருக்கு வானியலில் ஈடுபாடு அதிகம். நம் வீடுகளில் ஜாதகக் கட்டத்தை மஞ்சள் தடவிப் பெட்டியில் வைப்போம். அங்கே அதைத் தலைக்கு மேல் விரித்து வைத்திருக்கிறார்கள். மற்றபடி படிக்கிற மேசை, உலர்ந்த பூக்களை ஒட்டி அவர் செய்த வாழ்த்து அட்டைகள், அவர் கைவேலை, பூவேலை. சிம்மாசனம் கிடையாது.

இந்த எளிமை வேஷமா என்ற சந்தேகம் எனக்கு வராமலில்லை. அவர் வாழ்க்கையைப் படித்தபோது அது தெளிந்தது. பிறந்தபோது அவர் அரச குலமல்ல. சங்வான் என்ற பெயர் கொண்ட பொற்கொல்லர் வீட்டுப் பெண். இளம் வயதிலேயே பெற்றோரை இழந்தார். பாங்காக்கின் சிரிராஜ் மருத்துவமனையில் செவிலியர் படிப்பு; பிறகு உதவித்தொகையோடு அமெரிக்கா. அங்கே அறிமுகமானார் மருத்துவத் துறையில் படித்துக்கொண்டிருந்த இளவரசர் மகிடோல். 1920இல் திருமணம். ஒரு பெண், இரண்டு ஆண் பிள்ளைகள். 1929இல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 28. பிள்ளைகளோடு லோசானில் குடியேறி வளர்த்தார். மூத்த மகன் ஆனந்த மகிடோல் 1935இல் மன்னரானார். அவர் மறைந்த 1946இல் இளைய மகன் பூமிபோல் அரியணை ஏறினார். 1969இல் மருத்துவர்களையும் செவிலியர்களையும் தன்னார்வலர்களாகச் சேர்த்துத் தொலைதூரக் கிராமங்களுக்கு அழைத்துப் போகும் பணியைத் தொடங்கினார். சாலை இல்லாத மலைகளுக்கு ஹெலிகாப்டரில் போய் இறங்குவார். வானத்திலிருந்து வந்த தாய் என்று மலைமக்கள் அவரை 'மே ஃபா லுவாங்' என்றழைத்தார்கள். இந்த மாவட்டத்துக்கும் பின்னர் அதுவே பெயரானது.

முதுமையில் சுவிட்சர்லாந்துக்கும் தாய்லாந்துக்கும் இடையே போய்வர உடல் இடம் கொடுக்கவில்லை. மலைக்காற்று வேண்டும் என்றார். இந்த இடத்தைக் காட்டினார்கள். இந்த மலையைத் திருத்தும் வேலை நடக்காவிட்டால் இங்கே வீடும் வேண்டாம் என்பதுதான் அவர் விதித்த நிபந்தனை. டோய் துங் மேம்பாட்டுத் திட்டம் 1988இல் தொடங்கியது. சுமார் 150 சதுர கிலோமீட்டர் பரப்பு, 29 கிராமங்கள். வீடு நின்ற மண்கூட அவருடையதல்ல. வனத்துறையிடம் 30 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிலம். மன்னரைப் பெற்றவர் அரசாங்கத்துக்குக் குத்தகைதாரர். மாளிகையில் நான் பார்த்த எந்தப் பொருளையும்விட இந்தச் செய்திதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

மரம் நடுவதற்கும் நாற்றங்காலுக்கும் மலைமக்களையே கூலிக்கு அமர்த்தினார்கள். பெரிய மரங்களின் நிழலில் அரபிக்கா காப்பி, மக்கடேமியா கொட்டை. காப்பிப் பழத்தைப் பழமாக விற்றால் ஒரு காசு, வறுத்துப் பொடித்துப் பொட்டலமாக விற்றால் பல காசு என்று அந்த வேலைகளையும் மலையிலேயே வைத்தார்கள். டோய் துங் காப்பிக்கு இன்று புவிசார் குறியீடு உண்டு. சரிவுகளில் மண்ணைப் பிடித்து நிறுத்த நட்டிருக்கும் புல்லைக் கிள்ளி முகர்ந்து பார்க்காமலே தங்கை சொல்லிவிட்டாள், நம் வெட்டிவேர் என்று. மன்னர் பூமிபோல் நாடு முழுவதும் ஊக்குவித்த பயிர் அது. அபினிக்கு அடிமையானவர்களை ஊரைவிட்டுத் துரத்தாமல் ஆயிரம் நாள் தங்கவைத்து மீட்டெடுக்கும் முகாமும் இங்கே நடந்தது.

மாளிகைக்குக் கீழே மே ஃபா லுவாங் தோட்டம். சால்வியா, பிகோனியா, பெட்டூனியா என்று தங்கை பெயர் சொல்லிக்கொண்டே போனாள். வெளிநாடு போக வசதியில்லாத தாய்லாந்துக்காரர்களும் குளிர்நாட்டுப் பூக்களைப் பார்க்கட்டும் என்று ராஜமாதா போடவைத்த தோட்டம் இது. நடுவில் சிறுவர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நிற்கும் சிற்பம், மிசியெம் யிப்பின்சோய் என்ற பெண் சிற்பி செய்தது. 'தொடர்ச்சி' என்று அதற்குப் பெயர் வைத்தவர் ராஜமாதாதான். இந்தப் பூப்பாத்திகள் இருக்குமிடத்தில் முன்பு ஒரு ஆக்கா கிராமம் இருந்தது. அதைப் பக்கத்தில் வேறு இடத்துக்கு நகர்த்திய பிறகே தோட்டம் வந்தது. இடம்பெயர்ந்தவர்களில் பலருக்குத் தோட்டத்திலேயே வேலை கிடைத்தது. அதற்காக, குடியிருந்த இடத்தைவிட்டுப் போனவர்களுக்கு அது இழப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வெகுகாலம் மலைமக்கள் பலர் குடியுரிமைத் தாளே இல்லாமல் இருந்தார்கள் என்பதும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான்.

தோட்டத்துக்கு வெளியே, பாதையோரம் ராஜமாதாவின் படமொன்று பூக்களுக்கு நடுவே வைக்கப்பட்டிருந்தது. நாங்கள் களைத்துப்போய் எதிரே உட்கார்ந்திருந்தோம். ஒரு மூதாட்டி வந்தார். தலையில் வெள்ளிக் காசுகள் தைத்த ஆக்காத் தொப்பி, தோளில் பை; பையில் விற்பதற்கான பாசிமணிகள். படத்தின் முன் நின்றார். செருப்பைக் கழற்றினார். மண்தரையில் முழந்தாளிட்டு, கூப்பிய கையைப் பிரிக்காமல் தரையில் வைத்து அதன்மேல் நெற்றி படும்படி ஒருமுறை வணங்கினார். புத்தருக்கானால் மூன்று முறை, உள்ளங்கையை விரித்து. மனிதருக்கானால் ஒரே முறை, கூப்பியபடி. இதை ஆசிரியை முந்தின இரவே பாயில் செய்து காட்டியிருந்தாள். மூதாட்டி எழுந்தார், முழங்கால் மண்ணைத் தட்டினார், எங்களிடம் வந்து பாசிமணி விலை சொன்னார். அங்கே காவலர் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ராஜமாதா 1995 ஜூலை 18 அன்று காலமானவர். 112ஆம் பிரிவின் பட்டியலில் மன்னரின் தாயார் இடம்பெறவும் இல்லை.

மலைவண்டியில் சுமந்து வந்த கேள்விக்கு எனக்கு அங்கே பாதி விடை கிடைத்தது. எப்படி வணங்குவது என்று கற்றுக்கொடுக்கப் பாட்டியின் ஒரு விரல் போதும். மனசாரப் பணிய வைப்பதற்குப் பிரம்பும் போதாது, சட்டமும் போதாது. மலையில் திரும்ப முளைத்த மரம்தான் அதைச் செய்கிறது.

மலை உச்சியில் ஃப்ரா தாட் டோய் துங் கோயிலில் இரட்டைத் தூபிகள் பொன்னிறமாக நிற்கின்றன. புத்தரின் இடது காறையெலும்பு உள்ளே இருப்பதாக நம்பிக்கை. கோயில் எழுப்பும்போது மலைமேல் பெரிய கொடி நட்டார்களாம். துங் என்றால் வடக்கத்திப் பேச்சில் அந்த நீளக் கொடி. வரிசையாகத் தொங்கும் மணிகளை அடித்துக்கொண்டே போகிறார்கள். சன்னதிக்குள் நுழைகையில் நிலைப்படியை மிதிக்காமல் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் இருவர் காலும் தன்னால் தாண்டின. எங்கள் அம்மா அந்தப் பாடத்தை எப்போதோ எடுத்துவிட்டிருந்தாள். இறங்கும் வழியில் ஓர் ஆக்கா கிராமத்து நுழைவாயில். மரத்தால் ஆன அந்த வாயில் மனிதர் உலகத்தையும் ஆவிகள் உலகத்தையும் பிரிக்கும் எல்லை. வெளியார் அதன்மேல் கைவைக்கக் கூடாது. இது ஆக்காக்களின் வழக்கம், தாய் இனத்தாரின் வழக்கமல்ல. ஒரே மலையில் வழக்கங்கள் கிராமத்துக்குக் கிராமம் மாறுகின்றன என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கிளம்பும் நாளில் வீட்டம்மாள் எங்களைப் பாயில் உட்காரவைத்தார். மனித உடம்பில் 32 இடங்களில் குவான் எனப்படும் உயிர்ச்சத்து குடியிருக்கிறது, பயணத்திலும் பயத்திலும் அது விலகிப்போகும், அதை அழைத்துக் கட்டிவைக்க வேண்டும் என்பது வடக்கத்தியார் நம்பிக்கை. வெள்ளைப் பருத்தி நூலால் முதலில் என் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை வெளிப்புறமாகத் தடவினார், கெட்டது போவதற்கு. பிறகு உள்ளே நோக்கித் தடவினார், நல்லது வருவதற்கு. முடிச்சுப் போடும்போது உதடு ஏதோ முணுமுணுத்தது. நூல் மூன்று நாளாவது கையில் இருக்க வேண்டும், கத்தரியால் வெட்டக் கூடாது என்று ஆசிரியை மொழிபெயர்த்தாள். காப்புக் கட்டிப் பழகிய கைகள்தானே, மறுபேச்சில்லாமல் நீட்டினோம். அன்று வீட்டம்மாளுக்கு நான் வைத்த கும்பிடு, கட்டைவிரல் மூக்கு நுனியில் சரியாக நின்றது. பின்னால் நின்ற பேத்தி அதைக் கண்காணித்துக்கொண்டிருந்தாள்.

டோய் துங் போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். கை மூடிய சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எளிதில் கழற்றும் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கம்பளியும் தேவைப்படும். பூந்தோட்டத்தில் படமெடுத்துவிட்டு அடுத்த வண்டியில் இறங்கிவிடாதீர்கள். ஓர் இரவாவது கீழே ஏதாவது ஒரு வீட்டில் தங்குங்கள். வயதைக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அரண்மனைகளில் ஆண்டவர்களின் செல்வத்தைப் பார்க்கலாம். குத்தகை நிலத்தில், பெட்டிப் பலகையில் கட்டிய இந்த வீட்டில் பார்க்கக் கிடைப்பது 87 வயதில் தொடங்கிய ஒரு வேலை. அதைப் பார்க்க ஜன்னலுக்கு வெளியே இருக்கிற காட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.